காக்காவுக்கு வடை ஏது?

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது இது. அக்கா மகளுக்கு 5 வயது. யு.கே.ஜி. படிக்கிறாள். ராத்திரி இரண்டு வாய் சோறு உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு கதையாவது வேண்டும். எனக்குத் தெரிந்த கதையெல்லாம் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. கடைசியில், நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அந்தப் பாட்டி வடை சுட்ட கதையில் வந்து நின்றேன். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் போய் உட்கார்ந்தது, நரி வந்தது, பாட்டுப் பாடச் சொன்னது, வடை விழுந்தது. "அதனால யாராவது ரொம்பப் புகழ்ந்தா ஏமாறக் கூடாது" என்று முடித்தேன்.

அவள் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு யோசித்தாள்.

"சித்தி, காக்காவுக்கு வடை ஏது?"

"பாட்டிகிட்ட இருந்து தூக்கிட்டு வந்துச்சு."

"அப்ப அதுவும் திருட்டுதானே? நரி எடுத்தா மட்டும் ஏன் தப்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட மோசம், பதில் தெரியவில்லை என்று சொல்லவும் தோன்றவில்லை. "கதையில எல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது, சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். அவள் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த மௌனம் எனக்கு உறுத்தியது. பள்ளியில் எனக்கும் இதேதான் நடந்தது. "இக்கதையால் அறியப்படும் நீதி யாது?" என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. விடை புத்தகத்தின் கடைசி வரியில் இருக்கும். கதையைப் படிக்காமலே அந்த இரண்டு மதிப்பெண்ணையும் வாங்கிவிடலாம், நானும் வாங்கியிருக்கிறேன். அப்படியானால் அந்தக் கதை எதற்கு?

கல்லூரி திரும்பியதும் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். கதை படித்தால் குழந்தைக்கு யோசிக்கும் திறன் வளருமா என்பதுதான் என் கேள்வி. தேடியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. இந்தச் சண்டைக்கு 300 வருடத்துக்கு மேல் வயதாகிறது. அதன் நடுவில் உட்கார்ந்திருப்பதும் இதே காக்காவும் நரியும்தான்!

லாக் சொன்னதும் நாம் மறந்ததும்

காக்கா நரி கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஈசாப் கதைகளில் அது உண்டு. பிரான்சில் லா ஃபோன்டேன் 1668இல் தன் முதல் கதைப்பாடல் தொகுதியை வெளியிட்டார். 14ஆம் லூயி மன்னரின் மகன் அப்போது சின்னப் பையன். அந்த இளவரசனுக்குத்தான் நூலைக் காணிக்கையாக்கினார். அதில் இரண்டாவது பாடலே காக்காவும் நரியும். அங்கே வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். பிரெஞ்சுக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதை மனப்பாடம் செய்தார்கள்.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1693இல் கல்வியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்தில் குழந்தை முதலில் படிக்கக் கற்பது பெரும்பாலும் மதநூல்களை வைத்துத்தான். லாக் அதிலிருந்து விலகி, முதலில் படிக்க ஈசாப் கதைகளைக் கொடுங்கள், படம் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். குழந்தைக்குச் சுவையாக இருக்கும், பெரியவனான பிறகும் அசைபோட அதில் விஷயம் இருக்கும் என்பது அவர் காரணம்.

லாக் இன்னொன்றும் சொன்னார். அதை நாம் வசதியாக மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். படித்த கதையைப் பற்றிக் குழந்தையோடு அடிக்கடி பேசுங்கள், அது திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றார். அதாவது கதையைக் கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி பேச்சு.

ரூசோவின் பயம்

லாக்கின் நூல் வந்து சுமார் 70 ஆண்டுகள் கழித்து, ஜெனீவாவில் பிறந்த ரூசோ வந்தார். அவருடைய 'எமீல்' 1762இல் வெளியானது. எமீல் என்ற கற்பனைப் பையனைப் பிறந்தது முதல் எப்படி வளர்ப்பது என்று சொல்லும் நூல் அது. (பெற்ற ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்துக்கு அனுப்பியவர் எழுதிய நூல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம்!) அதில் இருந்த மதக் கருத்துகளுக்காக பாரிசிலும் ஜெனீவாவிலும் நூலைக் கொளுத்தினார்கள்.

ரூசோவின் கட்சி இது. எமீல் எதையும் மனப்பாடம் செய்ய மாட்டான், லா ஃபோன்டேன் கதைகளைக்கூட. ஏன்? அதை விளக்க அவர் காக்கா நரி பாட்டையே எடுத்து வரி வரியாகப் பிரித்துப் போடுகிறார். குழந்தைக்கு இந்தச் சொல் புரியுமா, இந்த உவமை புரியுமா, நரி பேசுமா, பேசினால் காக்காவுக்கு எப்படிப் புரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். படிக்கும்போது அக்கா மகள்தான் எனக்கு ஞாபகம் வந்தாள்.

அவருடைய பெரிய கேள்வி கடைசியில் வருகிறது. இந்தக் கதையைக் கேட்கும் குழந்தை யார் பக்கம் நிற்கும்? ஏமாந்த காக்காவைப் பார்த்துத் திருந்தும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். குழந்தையோ காக்காவைப் பார்த்துச் சிரிக்கும், நரியாக இருக்கத்தான் ஆசைப்படும் என்கிறார் ரூசோ. தோற்பவன் பக்கம் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆக, முகஸ்துதிக்கு மயங்காதே என்று கற்றுக்கொடுக்கப் போய், முகஸ்துதி செய்து பிழைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்துவிடுகிறோம். வெட்டுக்கிளி எறும்பு மாதிரியான கதையிலும் இதே கதிதான். சேமித்து வை என்பதோடு, கேட்டு வந்தவனை விரட்டி விடு என்பதையும் சேர்த்தே குழந்தை கற்றுக்கொள்கிறது.

இதை முதலில் படித்தபோது, ரூசோ கதைகளுக்கே எதிரி போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பாகத்தில் ஆச்சரியம் காத்திருந்தது. எமீல் வளர்ந்து, 12 வயதைத் தாண்டிய பருவத்தில், முதன்முதலாக ஒரு புத்தகம் படிக்கிறான். ரொம்ப நாளைக்கு அவனுடைய நூலகமே அந்த ஒரே புத்தகம்தான். அது டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய 'ராபின்சன் குரூசோ'. அதுவும் கட்டுக்கதைதான்!

ஏன் அது மட்டும் சரி? தனித்தீவில் மாட்டிக்கொண்டவனுக்கு எது சரி, எது பயன் என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு பொருளையும் அவனே எடை போட வேண்டும். படிக்கிற பையனும் நான் அங்கே இருந்தால் என்ன செய்வேன், குரூசோ எதை மறந்தான், எங்கே தப்பு செய்தான் என்று யோசிக்க வேண்டும் என்கிறார் ரூசோ. கதாநாயகனைப் பின்பற்றச் சொல்லவில்லை, அவனிடம் குறை கண்டுபிடிக்கச் சொல்கிறார்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கதையா, கதை இல்லையா என்பதல்ல ரூசோவின் சண்டை. முடிவைக் கையில் கொடுத்துவிடும் கதையா, முடிவெடுக்கும் வேலையைப் படிப்பவரிடம் விடும் கதையா என்பதுதான்.

ஊதா ஜாடி

அயர்லாந்தில் வாழ்ந்த எழுத்தாளர் மரியா எட்ஜ்வொர்த் 1796இல் குழந்தைகளுக்கான ஒரு கதைத் தொகுதியை வெளியிட்டார். அதில் வரும் 'ஊதா ஜாடி' கதை ரொம்பப் பெயர் பெற்றது. ரோசமண்ட் என்ற சின்னப் பெண் அம்மாவோடு கடைவீதிக்குப் போகிறாள். அவளுடைய செருப்பு பிய்ந்துபோயிருக்கிறது. மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அழகான ஊதா நிற ஜாடி இருக்கிறது. அம்மா இரண்டில் ஒன்றை வாங்கித் தருவாள், எது வேண்டும் என்று மகளே தீர்மானிக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் உனக்கு அது பிடிக்காமலும் போகலாம் என்று அம்மா ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கிறாள். ரோசமண்ட் பார்க்கவில்லை, ஜாடியைத் தேர்ந்தெடுக்கிறாள். வீட்டில் வந்து உள்ளே இருந்ததைக் கொட்டினால் நாற்றமடிக்கும் திரவம். ஜாடி வெறும் சாதாரணக் கண்ணாடி! ஊதா நிறமெல்லாம் உள்ளே இருந்ததில்தான். செருப்புக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ரூசோ எதிர்பார்த்தது போல, புத்தி சொல்லாமல் அனுபவத்தையே பேசவிடும் கதை இது. எட்ஜ்வொர்த் குடும்பத்தில் ரூசோவின் தாக்கம் உண்டு. மரியாவின் அப்பா தன் மூத்த மகனை 'எமீல்' நூலில் சொன்னபடியே வளர்த்துப் பார்த்தவர். (அந்தப் பரிசோதனை சரியாக வரவில்லை.)

ஆனால் கதையைத் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொரு கேள்வி வந்தது. அம்மாவுக்கு உண்மை தெரிந்திருந்தது. தெரிந்தும் நேரடியாகச் சொல்லவில்லை. அது நியாயமா? ஒரு மாதம் பிய்ந்த செருப்போடு நடக்க விட்டது பாடமா, தண்டனையா? இந்தக் கேள்வியைத் தோழிகளிடம் போட்டேன். விடுதி அறையில் ஒரு மணி நேரம் சண்டை. இருநூறு வருடத்துக்கு முன்னால் குழந்தைகளுக்கு எழுதிய கதை, நாலு கல்லூரிப் பெண்களை ராத்திரி தூங்கவிடவில்லை. ஆசிரியர் நினைத்த நீதி எங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. சண்டை முழுக்க அவர் நினைக்காத கேள்வியைப் பற்றித்தான்.

ஒரு பேராசிரியர் எழுதிய நாவல்

இனி நேராக 20ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடலாம். மேத்யூ லிப்மன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 1968இல் அங்கே பெரிய மாணவர் போராட்டம் நடந்தது. மாணவர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் மோதிக்கொண்ட விதத்தைப் பார்த்த லிப்மனுக்கு ஒரு கவலை. எந்தத் தரப்பிலும் ஒழுங்காக வாதிக்க ஆளில்லையே! கல்லூரிக்கு வந்த பிறகு தர்க்கம் கற்றுக்கொடுப்பது காலம் கடந்த வேலை, சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

பாடப்புத்தகம் எழுதியிருக்கலாம். அவர் எழுதியது குழந்தைகளுக்கான நாவல். கதாநாயகன் பெயர் ஹாரி ஸ்டாட்டில்மயர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அரிஸ்டாட்டில் காதில் விழுவார் :-)

கதை இப்படித் தொடங்குகிறது. அறிவியல் வகுப்பில் ஹாரி பராக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீண்ட வாலோடு சூரியனைச் சுற்றி வருவது எது என்று ஆசிரியர் கேட்கிறார். ஹாரிக்குத் தெரியவில்லை. கிரகங்கள் எல்லாம் சூரியனைச் சுற்றுகின்றன என்று சற்றுமுன் கேட்டது ஞாபகம் வர, கிரகம் என்று சொல்லிவிடுகிறான். வகுப்பே சிரிக்கிறது. விடை ஹாலி வால்நட்சத்திரம்.

அவமானத்தோடு வீட்டுக்கு நடக்கும்போது, எங்கே தப்பு என்று யோசிக்கிறான். எல்லாக் கிரகங்களும் சூரியனைச் சுற்றுகின்றன, ஆனால் சூரியனைச் சுற்றுவதெல்லாம் கிரகம் இல்லை. உண்மையான வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் அது பொய்யாகிவிடுகிறது. ஆஹா, நாமே ஒரு விதி கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். லிசா என்ற தோழியிடம் ஓடிப்போய்ச் சொல்கிறான். அவள் கொடுக்கும் உதாரணமோ வேறு மாதிரி. எந்தக் கழுகும் சிங்கம் இல்லை. திருப்பிப் போட்டால் எந்தச் சிங்கமும் கழுகு இல்லை. இது பொய்யாகவில்லையே! ஹாரியின் விதி உடைகிறது. இருவருமாகச் சேர்ந்து அதைத் திருத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால், அம்மாவிடம் பக்கத்து வீட்டு அம்மாள் வம்பு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு பெண்மணி தினமும் மதுக்கடைக்குள் போகிறாளாம், குடிகாரர்களும் அங்கேதானே போவார்கள், ஆகவே... ஹாரிக்குப் பொறி தட்டுகிறது. குடிகாரர் எல்லோரும் மதுக்கடைக்குப் போகலாம், போகிறவர் எல்லோரும் குடிகாரர் ஆகிவிடுவார்களா? வகுப்பில் தன்னைச் சிரிக்கவைத்த அதே தப்பு, இங்கே ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. கல்லூரி முதல் வருடத்தில் இதே விதியைச் சூத்திரமாகப் படித்தேன். தேர்வு முடிந்ததும் மறந்தேன். வம்புப் பேச்சில் அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. கதைக்குள் வரும்போது, தர்க்கம் என்பது இன்னொருவருக்கு அநியாயம் நடக்காமல் தடுக்கும் கருவியாகிவிடுகிறது.

1970இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேர் ஊரில், 5ஆம் வகுப்புக் குழந்தைகளிடம் லிப்மன் இந்த நாவலைச் சோதித்துப் பார்த்தார். 20 பேர் நாவல் வகுப்பில், 20 பேர் வேறு வகுப்பில். ஒன்பது வாரம். முடிவில், தர்க்கச் சிந்தனைத் தேர்வில் நாவல் வகுப்பு 27 மாத வளர்ச்சிக்குச் சமமான அளவு முன்னேறியிருந்ததாக அறிவித்தார்கள். பிறகு லிப்மன் கொலம்பியாவை விட்டு மான்ட்கிளேர் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தார். 1974இல் குழந்தைகளுக்கான தத்துவத்துக்கென்றே அங்கு ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆன் மார்கரெட் ஷார்ப் அதில் அவருக்குத் துணை நின்றார். இன்னும் சிறிய வகுப்புகளுக்கும் தனித்தனி நாவல்கள் வந்தன. இருவருமே 2010இல் காலமானார்கள்.

அந்த வகுப்பு நடக்கும் முறையைக் கவனியுங்கள். குழந்தைகள் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்கப் படிப்பார்கள். பிறகு ஆசிரியர் கேள்வி கேட்க மாட்டார்! குழந்தைகள்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்வியும், கேட்ட குழந்தையின் பெயரோடு கரும்பலகையில் ஏறும். அதிலிருந்து ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்துப் பேசுவார்கள். ஏன் அப்படிச் சொல்கிறாய், இதற்கு எதிரான உதாரணம் உண்டா என்று கேட்டுப் பேச்சை நகர்த்துவது மட்டும் ஆசிரியரின் வேலை. கதையின் நீதி கரும்பலகையில் ஏறவே ஏறாது.

குழந்தை நரி பக்கம் நிற்குமே என்று ரூசோ பயந்தார் அல்லவா? இந்த வகுப்பில் அது பிரச்சினையே இல்லை. நரி பக்கம் நிற்கிற குழந்தை ஏன் என்று சொல்ல வேண்டும், காக்கா பக்கம் நிற்கிற குழந்தை அதை மறுக்க வேண்டும். ரூசோ பயந்து நின்ற இடத்தில்தான் லிப்மனின் வகுப்பு தொடங்குகிறது.

பூனை குரைத்தால்?

சரி, 5ஆம் வகுப்புக்கு இது ஒத்துவரும். 5 வயதுக்கு? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, உதாரணங்களை விட்டு விலகி யோசிக்கும் திறன் 11, 12 வயதில்தான் உருவாகத் தொடங்குகிறது என்றார். லிப்மனுக்கு எதிராகப் பலரும் இதைத்தான் காட்டினார்கள்.

இதற்கு இரண்டு சுவாரசியமான பதில்கள் கிடைத்தன. முதலாவது, 1974இல் பிரிட்டனில் மெக்காரிகிள், டொனால்ட்சன் செய்த பரிசோதனை. இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, சமமா என்று கேட்டால் குழந்தை ஆமாம் என்கிறது. பெரியவர் ஒரு வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி கேட்டால், சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள். இது பியாஜே காட்டியதுதான். இவர்களோ ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மையைக் கொண்டுவந்தார்கள். கரடி பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிடுகிறது! இப்போது கேட்டால், சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது. பெரியவர் கலைத்துவிட்டு மறுபடி கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் போலும் என்று குழந்தை நினைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். யோசிக்கத் தெரியாமல் அல்ல, நம் மனதைப் படிக்க முயன்று தடுமாறுகிறது.

இரண்டாவது, மரியா டயஸ், பால் ஹாரிஸ் இருவரும் 1988இலும் 1990இலும் வெளியிட்ட ஆய்வுகள். எல்லாப் பூனைகளும் குரைக்கும், ரெக்ஸ் ஒரு பூனை, ரெக்ஸ் குரைக்குமா? சும்மா கேட்டால், பூனை எங்கேயாவது குரைக்குமா என்று சிறு குழந்தைகள் மறுத்துவிடுகிறார்கள். அதையே வேறொரு கிரகத்தில் நடப்பதாக, கதை சொல்லும் குரலில் சொன்னால், 4 முதல் 6 வயதுக் குழந்தைகளே தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் குரைக்கும் என்கிறார்கள்.

குழந்தைகளுக்குக் கதை ஏன் முக்கியம் என்பதற்கு நான் பார்த்த மிக நல்ல காரணம் இதுதான். கதை என்றதும் குழந்தை தனக்குத் தெரிந்த உலகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறது. இது உண்மையானால் அப்புறம் என்ன ஆகும் என்று யோசிக்கிறது. தனக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு யோசிப்பது நம்மில் பல பெரியவர்களுக்கே வராத கலை.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் கேரத் மேத்யூஸ் இதை இன்னும் எளிமையாகச் செய்தார். சிறுவர் படக்கதைகளிலேயே தத்துவம் கொட்டிக்கிடக்கிறது என்று 1980இல் ஒரு நூலில் காட்டினார். அர்னால்ட் லோபல் 1972இல் வெளியிட்ட தவளை, தேரை கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தவளையும் தேரையும் பிஸ்கட் தின்பதை நிறுத்த முடியாமல் தவிக்கின்றன. பெட்டியில் போட்டு மூடுகின்றன. திறந்துவிட்டால்? கயிறு கட்டுகின்றன. வெட்டிவிட்டால்? ஒரு செயலைச் செய்ய ஆசைப்படுவதும், செய்யாமல் இருக்க ஆசைப்படுவதும் ஒரே மனதில் எப்படி இருக்கும்? பரீட்சைக்கு முதல் நாள் கைப்பேசியை அலமாரியில் பூட்டிவைத்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும்!

எடின்பரோ நகரத்துப் பள்ளி ஒன்றில் மேத்யூஸ் இன்னொன்றும் செய்தார். கதையின் தொடக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போவார். குழந்தைகள் அதைப் பற்றி விவாதிப்பார்கள். அவர்கள் பேசியதை வைத்துக் கதையை மேலே எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வருவார். முடிவு அவர் கையில் இல்லவே இல்லை.

கொஞ்சம் சந்தேகமும் வேண்டாமா?

இவ்வளவு எழுதிவிட்டு, ஆகவே எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று முடித்தால் அதுவும் ஒரு 'நீதி' ஆகிவிடும். அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லிப்மனின் முதல் சோதனையில் இருந்தவர்கள் 40 குழந்தைகள்தான். நாவலை எழுதியவரே வகுப்பும் எடுத்தார். கதையால் முன்னேறினார்களா, ஆர்வமுள்ள பேராசிரியர் வந்ததால் முன்னேறினார்களா? ஹாரி இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பான். அந்த நாவல்கள் பாடம் நடத்துவதற்கென்றே எழுதியவை, கதையாக அவ்வளவு சுவை இல்லை என்ற குறையும் உண்டு. படக்கதைகள் போதுமே என்று காரின் மர்ரிஸ் போன்றவர்கள் பிற்பாடு வாதிட்டது அதனால்தான்.

இங்கிலாந்தில் இந்த முறையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 48 தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத முன்னேற்றம் என்றார்கள். செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. கணக்கிட்ட விதம் சரியில்லை என்று சிலர் அப்போதே சொன்னார்கள். பிறகு ஏறத்தாழ 200 பள்ளிகளில் மறுபடி சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவில் வாசிப்பு மதிப்பெண்ணில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

இதைப் படித்த அன்று கொஞ்சம் சோர்ந்துதான் போனேன். பிறகு யோசித்தேன். அவர்கள் அளந்தது பரீட்சை மதிப்பெண்ணை. நான் தேடியது மதிப்பெண்ணையா? ஒரு குழந்தை கேட்ட நல்ல கேள்விக்கு எந்தப் பாடத்தில் மதிப்பெண் போடுவது? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அளக்க முடியாததால் பலன் உண்டு என்று நானாக முடிவு கட்டுவதும் தப்பு. கதை படித்தால் புத்தி வளரும் என்று நிரூபணமாகிவிட்டது என யாராவது சொன்னால், அது இன்னும் அவ்வளவு உறுதியாகவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

எனக்கு உறுதியாகத் தெரிவது சின்ன விஷயம். லாக் பேசச் சொன்னார், ரூசோ குறை காணச் சொன்னார், லிப்மன் கேள்வியைக் குழந்தையிடம் கொடுத்தார், மேத்யூஸ் முடிவையே கொடுத்துவிட்டார். 300 வருடமாக நடக்கும் இந்தச் சண்டையில், கதை தானாக யோசிக்க வைக்கும் என்று இவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை. கதை ஒரு கதவைத் திறக்கிறது. அதைச் சாத்துவதா, திறந்தே விடுவதா என்பது சொல்கிறவர் கையில் இருக்கிறது. அன்றைக்கு நான் சாத்தினேன்.

போன வாரம் அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்தக் காக்கா கதையை மறுபடி சொல்லட்டுமா என்றதும், "அதான் தெரியுமே" என்றாள். "நீ அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, காக்காவும் திருட்டுதானேன்னு. அதுக்கு எனக்குப் பதில் தெரியல. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஃபோனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சித்தி, காக்காவுக்குப் பசிச்சுச்சா?"

"தெரியலையே. கதையில சொல்லல."

"பசிச்சா திருட்டு இல்ல. பசிக்கலைன்னா திருட்டு." மறுபடி ஒரு இடைவெளி. "ஆனா பாட்டிக்கும் பசிக்குமே..."

அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள், ஓடிவிட்டாள். அவள் அதற்கு என்ன முடிவு சொல்லப்போகிறாள் என்று நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.